டாஸ் காலத்து ஐசா சவுண்ட் கார்டைப் பாட வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

386, 486, தொடக்கக் காலப் பென்டியம் கணினிகளின் ஐசா ஸ்லாட்டில் (அக்காலக் கணினிகளில் கூடுதல் கார்டுகளைச் செருகும் இடம்) பழைய சவுண்ட் கார்டைச் செருகி, டிரைவர் வட்டைப் போட்டு, ஆட்டத்தைத் திறந்தால் பல நேரம் சத்தமே வராது. இல்லையென்றால் இசை வரும், வெடிச்சத்தம் வராது. ஒரு குரல் பாதியில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும். இந்த இடத்தில் பலரும் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் செத்த கார்டுகள் குறைவு. தவறான வரிசையில் சோதிக்கப்பட்ட கார்டுகள்தான் அதிகம்.

சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டு ஒன்றுக்குள் தனித்தனியான நான்கு பகுதிகள் இருக்கின்றன. யமஹா சிப்பில் இயங்கும், சுரங்களைத் தானே உருவாக்கும் எஃப்எம் இசைப் பகுதி முதலாவது. பதிவு செய்த ஒலியை இயக்கும் டிஎஸ்பி இரண்டாவது. மிடியும் (இசைக் கருவிகளுக்குச் சுரக் கட்டளைகளை அனுப்பும் முறை) ஜாய்ஸ்டிக் போர்ட்டும் சேர்ந்தது மூன்றாவது. இவற்றின் ஒலியையெல்லாம் கலந்து வெளியே அனுப்பும் மிக்சரும் ஆம்பிளிஃபயரும் நான்காவது. எஃப்எம் பகுதிக்கு ஐஆர்க்யூவும் (கார்டு பிராசசரின் கவனத்தைக் கேட்கும் தடம்) வேண்டாம், டிஎம்ஏவும் (பிராசசரைத் தொடாமல் நினைவகத்திலிருந்து தரவை வாங்கும் தடம்) வேண்டாம். ஒரு முகவரி போதும். டிஎஸ்பிக்கோ முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ மூன்றும் சரியாக அமைய வேண்டும். அதனால்தான் இசை வந்து வெடிச்சத்தம் வராமல் போகிறது. மின்சாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியையும் தனியே சோதித்து, கடைசியில் டிரைவருக்கு வருவதுதான் இந்த வழிகாட்டியின் முறை.

ஒரு குறிப்பு: கீழே வரும் போர்ட் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்கள். எழுத்துக் குழப்பம் வராமலிருக்க, டிஎம்ஏவின் முதலெழுத்தை ‘டி’ என்றும், டைப் என்பதன் முதலெழுத்தை ‘டீ’ என்றும் எழுதியிருக்கிறோம்.

கையில் இருப்பது எந்தக் கார்டு?

கனடாவின் ஆட்லிப் 1987-இல் வெளியிட்ட கார்டில் யமஹா ஒய்எம்3812 சிப் மட்டுமே ஒலி தந்தது. ஓபிஎல்2 என்று அழைக்கப்படுவது இந்தச் சிப்தான். அதன் முகவரியான 388-ஐ பின்னால் வந்த எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் இதனுடன் டிஎஸ்பியையும் ஜாய்ஸ்டிக் போர்ட்டையும் சேர்த்து சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. 1991-இல் ஸ்டீரியோவுடன் சவுண்ட் பிளாஸ்டர் புரோ வந்தது. 1992-இல் சவுண்ட் பிளாஸ்டர் 16, 1994-இல் ஏடபிள்யூஈ32 என்று வரிசை தொடர்ந்தது.

கிரியேட்டிவ் கார்டுகளில் சிடீ என்று தொடங்கும் நான்கு இலக்க எண் பலகையிலேயே அச்சாகியிருக்கும். சிடீ1350 என்றால் சவுண்ட் பிளாஸ்டர் 2.0. சிடீ1330 புரோவின் முதல் வடிவம். அதில் இரண்டு ஓபிஎல்2 சிப்கள் இருக்கும். சிடீ1600 புரோவின் இரண்டாம் வடிவம், அதில் ஓபிஎல்3. சிடீ1740, சிடீ1750, சிடீ2230, சிடீ2940 எல்லாம் சவுண்ட் பிளாஸ்டர் 16 குடும்பம்.

பலகை எண்ணோடு நிற்காமல் சிப்களையும் பாருங்கள். ஒய்எம்எஃப்262 அல்லது சிடீ1747 தென்பட்டால் அசல் ஓபிஎல்3 இசை கிடைக்கும். சிடீ1978 இருந்தால் அது கிரியேட்டிவ் தானே உருவாக்கிய சிக்யூஎம் என்ற மாற்று. இசை வரும், ஆனால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஒரு ரீங்காரம் சேர்ந்து வரும். அது கோளாறில்லை, அந்தச் சிப்பின் இயல்பு.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் 16, புரோவின் ஸ்டீரியோ முறையை ஆதரிப்பதில்லை. புரோவுக்காக எழுதப்பட்ட ஆட்டங்களின் ஒலி அதில் மோனோவாகத்தான் கேட்கும். 1990-களின் தொடக்கத்து ஆட்டங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால், யமஹா ஒய்எம்எஃப்719 அல்லது ஈஎஸ்எஸ் 1868 சிப் உள்ள மலிவான கார்டு பெயர்பெற்ற 16-ஐ விடப் பொருத்தமானது. இரண்டும் புரோவுடன் ஒத்துப்போகும். யமஹாவில் அசல் ஓபிஎல்3-யே இருக்கிறது. பெயருக்காக அதிக விலை கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

செருகும் முன்: சுத்தமும் அளவீடும்

தேவையானவை: 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, மென்மையான வெள்ளை ரப்பர், மல்டிமீட்டர்.

1. கார்டின் தங்கப் பூச்சு விரல்களை (ஸ்லாட்டுக்குள் போகும் தொடர்புமுனைகள்) வெள்ளை ரப்பரால் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைக்கவும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே உரித்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

2. ஐசா ஸ்லாட்டுக்குள் தூசியை ஊதி வெளியேற்றவும். ஆல்கஹால் தொட்ட கெட்டிக் காகிதத்தை உள்ளே விட்டு இழுத்தால் தொடர்புமுனைகளில் படிந்த கறுப்பு வரும்.

3. கெப்பாசிட்டர்களைப் பார்க்கவும். எலக்ட்ரோலைட்டிக் வகையின் அடியில் ஈரமோ பச்சைப் படிவோ இருந்தால் கசிவு. மஞ்சள், ஆரஞ்சு நிறத் துளி வடிவில் இருப்பவை டான்டலம். இவை பழையதானதும் ஷார்ட் ஆகி, மின்சாரம் வந்த நொடியில் வெடிக்கக்கூடும். 12 வோல்ட் பாதையில் இருப்பவைதான் முதலில் போகும்.

4. ஷார்ட் இருக்கிறதா என்று அளக்கவும். உதிரிபாகங்கள் இருக்கும் பக்கம் ஏ வரிசை, சால்டர் பக்கம் பி வரிசை. பின்புற உலோகத் தகட்டுக்கு அருகிலிருந்து 1, 2, 3 என்று எண்ண வேண்டும். பி1 கிரவுண்ட், பி3 +5 வோல்ட், பி5 −5 வோல்ட், பி7 −12 வோல்ட், பி9 +12 வோல்ட். பி1-க்கும் மற்ற நான்குக்கும் இடையே ஓம் அளவைப் பார்க்கவும். எதிலாவது 2 ஓமுக்குக் கீழே காட்டினால் கார்டைச் செருகாதீர்கள். அந்தப் பாதையில் உள்ள டான்டலத்தைத் தேடுங்கள். 12 வோல்ட் பாதையில் மாற்றும்போது 25 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரைப் போடுங்கள். 16 வோல்ட் வகை அந்த இடத்தில் விளிம்பில்தான் நிற்கும்.

−5 வோல்ட் சிக்கல்

பழைய கார்டுகள் சிலவற்றில் அனலாக் பகுதிக்கு −5 வோல்ட் வேண்டும். பழைய ஏடி பவர் சப்ளை இதை வெள்ளைக் கம்பியில் தரும். ஏடிஎக்ஸ் தரத்தில் இது முதலில் விருப்பத்துக்கு விடப்பட்டு, 2003-இல் நீக்கப்பட்டது. ஆகவே புதிய பவர் சப்ளையைப் பழைய மதர்போர்டில் இணைத்தால், டிஎஸ்பி சோதனையெல்லாம் தேறும். ஸ்பீக்கரில் மட்டும் ஒன்றும் வராது அல்லது கரகரவென்று வரும்.

கார்டின் பி5 விரலிலிருந்து பலகையில் ஏதேனும் பாதை செல்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதை இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இருந்தால், −12 வோல்ட்டிலிருந்து 7905 ரெகுலேட்டர் மூலம் −5-ஐ உருவாக்கிக்கொள்ளலாம். 20 முள் ஏடிஎக்ஸ் இணைப்பில் 12-ஆம் முள் −12 வோல்ட், நீலக் கம்பி. 18-ஆம் முள் −5 வோல்ட்டுக்கான இடம். உள்ளீட்டுப் பக்கம் 2.2 மைக்ரோஃபாரட், வெளியீட்டுப் பக்கம் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும். இரண்டிலும் பாசிட்டிவ் முனை கிரவுண்டுக்குப் போக வேண்டும், ஏனெனில் இது எதிர்மறை மின்னழுத்தம்.

இரண்டு எச்சரிக்கைகள். 7905-இன் கால் வரிசை 7805-இலிருந்து வேறு: முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் உள்ளீடு, மூன்றாவது வெளியீடு. அதன் உலோக முதுகு உள்ளீட்டோடு இணைந்தது, அதாவது −12 வோல்ட்டில் இருக்கும். கேபினட்டில் பட்டால் ஷார்ட். சுருக்குக் குழாய் போட்டு மூடிவிடுங்கள். 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதில் 0.7 வாட் வெப்பம் உண்டாகும். சிறு ஹீட் சிங்க் ஒன்று இருப்பது நல்லது.

எந்த எண்களைக் கொடுப்பது?

மணிக்கணக்கில் நேரத்தைத் தின்பது இந்தப் பகுதிதான். ஐசா பஸ்ஸில் இரண்டு கருவிகள் ஒரே ஐஆர்க்யூவையோ டிஎம்ஏவையோ பகிர்ந்துகொள்ள முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஒரு தாளில் கணினியில் உள்ள ஒவ்வொரு கார்டும் பிடித்திருக்கும் எண்களை எழுதிவிட்டுத்தான் ஜம்பரில் (எண்ணைத் தேர்ந்தெடுக்கப் பலகை முட்களில் மாட்டும் சிறு செருகி) கை வைக்க வேண்டும்.

பெரும்பாலான ஆட்டங்கள் எதிர்பார்க்கும் அமைப்பு இது: முகவரி 220, டிஎம்ஏ 1, ஐஆர்க்யூ 5 அல்லது 7. சவுண்ட் பிளாஸ்டர் 16-க்குக் கூடுதலாக 16 பிட் டிஎம்ஏ 5, மிடி முகவரி 330. பழைய ஆட்டங்கள் சில, ஐஆர்க்யூ 7-ஐத் தவிர வேறொன்றையும் ஏற்காது. ஐஆர்க்யூ 7 பிரின்டர் போர்ட்டுக்கு உரியது என்றாலும் டாஸில் அச்சிடும்போது அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. எனவே 7-ஐக் கார்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பிரின்டர் போர்ட் ஈசிபி முறையில் இருக்கக் கூடாது. அந்த முறை டிஎம்ஏ 1 அல்லது 3-ஐயும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எஸ்பிபி அல்லது ஈபிபி என்று மாற்றிவிடுங்கள்.

அடிக்கடி வரும் மோதல்கள்:

- எக்ஸ்டி வகைக் கணினியில் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் ஐஆர்க்யூ 5-ஐயும் டிஎம்ஏ 3-ஐயும் பயன்படுத்தும். அங்கே சவுண்ட் கார்டுக்கு 7 கொடுங்கள். ஏடி முதற்கொண்டு ஹார்டு டிஸ்க் 14-க்குப் போய்விட்டதால் இந்தச் சிக்கல் இல்லை.
- அடாப்டெக் 1542 ஸ்கசி கார்டின் இயல்பு அமைப்பு, முகவரி 330, டிஎம்ஏ 5. இவை இரண்டுமே சவுண்ட் பிளாஸ்டர் 16-இன் இயல்பு எண்கள். மிடியை 300-க்கும், 16 பிட் டிஎம்ஏவை 6 அல்லது 7-க்கும் நகர்த்துங்கள்.
- என்ஈ2000 வகை நெட்வொர்க் கார்டு ஒரே தொகுதியாக 32 போர்ட்களைப் பிடிக்கும். 320-இல் வைத்தால் 33எஃப் வரை போய் மிடி முகவரியை விழுங்கும். 300-இல் வைத்தால் 31எஃப் வரைதான், 330 தப்பிக்கும்.
- ஹார்டு டிஸ்க் இணைக்கும் மல்டி ஐஓ கார்டிலும் ஜாய்ஸ்டிக் போர்ட் இருக்கலாம். இரண்டும் 201-இல் உட்கார்ந்தால் ஜாய்ஸ்டிக் அலையும். ஒன்றை ஜம்பர் மூலம் அணைக்கவும்.
- சவுண்ட் கார்டிலுள்ள சிடி டிரைவ் இணைப்பைப் பயன்படுத்தாவிட்டால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது ஐஆர்க்யூ 10 அல்லது 11-ஐ வீணாகப் பிடித்திருக்கும். பானசோனிக் இணைப்பும் 40 முள்தான், ஐடிஈ-யும் 40 முள்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதை நம்பி ஐடிஈ டிரைவை அதில் செருக வேண்டாம்.

பென்டியம் மதர்போர்டில் இன்னொரு வேலை உண்டு. பயாஸின் பிளக் அண்ட் பிளே (கார்டுகளுக்கு எண்களை மென்பொருளே ஒதுக்கும் முறை) பக்கத்தில், நீங்கள் தேர்ந்த ஐஆர்க்யூவையும் இரண்டு டிஎம்ஏ எண்களையும் ‘லெகசி ஐசா’ என்று ஒதுக்கி வையுங்கள். செய்யாவிட்டால் பயாஸ் அந்த ஐஆர்க்யூவைப் பிசிஐ கார்டு ஒன்றுக்குக் கொடுத்துவிடும். இது ஜம்பரால் அமையும் கார்டுகளுக்குத்தான் மிக முக்கியம், ஏனெனில் அவை அங்கிருப்பதே பயாஸுக்குத் தெரியாது.

ஐசா பஸ்ஸின் வேகத்தையும் அங்கேயே சரிபாருங்கள். அது 8 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். 33 மெகாஹெர்ட்ஸ் மதர்போர்டில் நான்கால் வகுத்தால் 8.33, 386 டிஎக்ஸ்-40 போன்ற 40 மெகாஹெர்ட்ஸ் பலகையில் ஐந்தால் வகுத்தால் 8. நான்கிலேயே விட்டால் 10 ஆகும்; சில கார்டுகள் அதில் தடுமாறும்.

டிரைவருக்கு முன் டீபக்

எம்எஸ்-டாஸ் 6 தொடங்கும்போது எஃப்5 விசையை அழுத்தி, எந்த டிரைவரும் ஏறாமல் வெறும் டாஸுக்குள் நுழையுங்கள். டாஸுடன் வரும் டீபக் கருவியைத் திறக்கவும். சிறு கோடு ஒன்று மட்டும் தெரியும். அதில் ஐ என்ற ஆங்கில எழுத்தும் போர்ட் எண்ணும் கொடுத்தால் அந்தப் போர்ட்டைப் படித்துக் காட்டும். ஓ என்ற எழுத்தும் போர்ட்டும் மதிப்பும் கொடுத்தால் எழுதும். க்யூ அடித்தால் வெளியேறும். சவுண்ட் கார்டைச் சோதிக்க இதைவிட நேர்மையான கருவி இல்லை. நடுவே டிரைவர் எதுவும் நிற்பதில்லை. பிளக் அண்ட் பிளே கார்டு என்றால் மட்டும், அடுத்த பகுதியில் சொல்லும் கருவியை முதலில் ஓட்டிவிட்டு இங்கே வாருங்கள். அதுவரை கார்டு எந்த முகவரிக்கும் பதில் சொல்லாது.

முதல் சோதனை, எஃப்எம் சிப். ‘ஐ 388’ என்று கொடுங்கள். 06 வந்தால் ஓபிஎல்2. 00 வந்தால் ஓபிஎல்3 அல்லது அதன் மாற்று. எஃப்எஃப் வந்தால் அந்த முகவரியில் யாருமில்லை.

இரண்டாவது, டிஎஸ்பி. கார்டு 220-இல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, வரிசையாக:

‘ஓ 226 1’
‘ஓ 226 0’
‘ஐ 22ஏ’

ஏஏ என்று விடை வந்தால் டிஎஸ்பி உயிரோடு இருக்கிறது, முகவரியும் சரி. எஃப்எஃப் வந்தால் ஜம்பரைப் பாருங்கள்; 240-இல் இருக்கலாம். அப்படியென்றால் 246, 24ஏ என்று மாற்றி மறுபடி சோதியுங்கள். வேறு ஏதேனும் எண் வந்தால் இரண்டு கார்டுகள் ஒரே முகவரியில் மோதுகின்றன, அல்லது கார்டின் விரல்கள் இன்னும் அழுக்காக இருக்கின்றன.

மூன்றாவது, டிஎஸ்பியின் பதிப்பு. ‘ஓ 22சி ஈ1’ என்று எழுதி, ‘ஐ 22ஏ’ என்று இருமுறை படிக்கவும். முதலில் வருவது முழு எண், அடுத்தது பின்னம். 02 என்றால் சவுண்ட் பிளாஸ்டர் 2.0, 03 என்றால் புரோ, 04 என்றால் 16 குடும்பம். பின்னமும் ஹெக்ஸில்தான் வரும்: 0பி என்றால் 11, 0சி என்றால் 12, 0டி என்றால் 13. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், மிடி பகுதியில் தேவைப்படும்.

நான்காவது, சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு மட்டும். கார்டு உண்மையில் எந்த ஐஆர்க்யூவில் இருக்கிறது என்று அதனிடமே கேட்கலாம். ‘ஓ 224 80’, பிறகு ‘ஐ 225’. கடைசி இலக்கம் 1 என்றால் ஐஆர்க்யூ 2 (அதாவது 9), 2 என்றால் 5, 4 என்றால் 7, 8 என்றால் 10. டிஎம்ஏவுக்கு ‘ஓ 224 81’, பிறகு ‘ஐ 225’. 22 என்று வந்தால் 8 பிட் டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5. ஆட்டத்தின் அமைப்புத் திரையில் நீங்கள் ஒன்றைத் தேர்ந்திருக்க, கார்டு வேறொன்றில் இருப்பது இங்கே வெளிப்படும்.

பிளாஸ்டர் வரியும் தொடக்கக் கருவியும்

டாஸ் தொடங்கும்போது தானே ஓட்டும் ஆட்டோஎக்செக் கோப்பில் இந்த வரி வேண்டும்:

செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்5 பி330 டீ6

கோப்பில் இதை ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். ஏ முகவரி, ஐ ஐஆர்க்யூ, டி 8 பிட் டிஎம்ஏ, எச் 16 பிட் டிஎம்ஏ, பி (போர்ட் என்பதன் முதலெழுத்து) மிடி முகவரி, டீ கார்டின் வகை. வகை எண்கள்: 1 என்றால் முதல் சவுண்ட் பிளாஸ்டர், 3 என்றால் 2.0, 2 என்றால் புரோ, 4 என்றால் ஓபிஎல்3 உள்ள புரோ, 6 என்றால் 16-உம் ஏடபிள்யூஈ-யும். 8 பிட் கார்டுகளுக்கு எச் தேவையில்லை. சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டுவிடாதீர்கள். டாஸ் அந்த இடைவெளியையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், எந்த ஆட்டமும் அதைக் கண்டுபிடிக்காது.

இந்த வரி கார்டை மாற்றுவதில்லை, ஆட்டங்களுக்குத் தகவல் மட்டுமே தருகிறது. கார்டை அமைப்பது கார்டின் வகையைப் பொறுத்தது.

முழுவதும் ஜம்பரால் அமையும் 2.0, புரோ போன்றவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை. வரியும் ஜம்பரும் ஒத்திருந்தால் போதும்.

பிளக் அண்ட் பிளே வருமுன் வெளியான சவுண்ட் பிளாஸ்டர் 16-களில் பெரும்பாலும் முகவரி ஜம்பரில் இருக்கும். ஐஆர்க்யூவும் டிஎம்ஏவும் மென்பொருள் வழியே அமையும். கணினியை அணைத்தால் அது மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கிரியேட்டிவின் டயக்னோஸ் கருவியை, சாய்வுக்குறியை அடுத்து எஸ் எழுதும் விருப்பத்துடன் ஆட்டோஎக்செக்கில் ஓட்ட வேண்டும். பிளாஸ்டர் வரி அதற்கு மேலே இருக்க வேண்டும். ஒலியளவை எஸ்பி16செட் கருவி அமைக்கும்.

பிளக் அண்ட் பிளே கார்டுகளுக்குக் கிரியேட்டிவ் தந்தது சிடீசிஎம். இப்போது ஆர்வலர்கள் பயன்படுத்துவது யூனிசவுண்ட் என்ற இலவசக் கருவி. அது பிளாஸ்டர் வரியைப் படித்து, கிரியேட்டிவ், யமஹா, ஈஎஸ்எஸ், கிரிஸ்டல் சிப்கள் உட்படப் பலவற்றை அதன்படி அமைத்துவிட்டு, நினைவகத்தில் எதையும் விட்டுவைக்காமல் வெளியேறிவிடும். வெறும் 640 கேபியில் ஒவ்வொரு கேபியும் மதிப்புள்ள டாஸில் இது பெரிய வசதி. பிளக் அண்ட் பிளே பயாஸ் இல்லாத 486-லும் வேலை செய்யும். யமஹா கார்டுகளுக்குத் தனியே செட்டப்எஸ்ஏ கருவியும் உண்டு.

கிரியேட்டிவின் நிறுவல் வட்டு கான்ஃபிக் கோப்பில் சிடீஎஸ்பி16, சிடீஎம்எம்சிஸ் என்று இரண்டு டிரைவர்களைச் சேர்க்கும். ஆட்டங்களுக்கு இவை தேவையில்லை. எடுத்துவிடுங்கள், நினைவகம் மிச்சமாகும். ஏடபிள்யூஈ கார்டில் மட்டும் ஏடபிள்யூஈயூட்டில் கருவியை எஸ் விருப்பத்துடன் ஓட்டி அதன் சிந்தசைசரைத் தயார்ப்படுத்த வேண்டும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

*இசை வருகிறது, பதிவொலி இல்லை.* எஃப்எம், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் நலம். ஐஆர்க்யூவிலோ டிஎம்ஏவிலோதான் கோளாறு. நான்காவது டீபக் சோதனைக்குத் திரும்புங்கள்.

*ஒரு துண்டு ஒலி திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது ஒருமுறை வந்து நின்றுவிடுகிறது.* டிஎம்ஏ சரி, ஐஆர்க்யூ தவறு. டிஎஸ்பி ஒரு தொகுதியை முடித்ததும் ஐஆர்க்யூ மூலம் அடுத்ததைக் கேட்கும். அந்தக் குரல் ஆட்டத்தை எட்டாததால் பழைய தொகுதியே சுழல்கிறது.

*8 பிட் ஒலி வருகிறது, 16 பிட் வந்தால் உறைகிறது.* 16 பிட் டிஎம்ஏ மோதுகிறது, அல்லது அந்த மதர்போர்டு அதைச் சரியாகக் கையாளவில்லை. 5-க்குப் பதில் 6, 7 முயலுங்கள். அதுவும் தோற்றால் எச்-க்கும் 1 என்றே கொடுங்கள். கார்டு 16 பிட் ஒலியையும் 8 பிட் டிஎம்ஏ வழியே வாங்கிக்கொள்ளும்.

*பதிவொலி வருகிறது, இசை இல்லை, வேகமான கணினி.* ஓபிஎல்2 சிப்புக்குப் பதிவேட்டின் எண்ணைக் கொடுத்தபின் 3.3 மைக்ரோ விநாடியும், மதிப்பைக் கொடுத்தபின் 23 மைக்ரோ விநாடியும் காத்திருக்க வேண்டும். ஒழுங்காக எழுதப்பட்ட ஆட்டங்கள் 388-ஐ 6 முறையும் 35 முறையும் படித்து அந்த நேரத்தைக் கடத்தும். ஐசா பஸ்ஸில் ஒரு வாசிப்புக்கு ஆகும் நேரம் பிராசசர் வேகத்தோடு பெரிதாக மாறாததால் அவை பென்டியத்திலும் ஓடும். வெற்றுச் சுழற்சியால் நேரம் கடத்திய பழைய ஆட்டங்கள்தான் மாட்டிக்கொள்ளும். டர்போ பொத்தானை அணைத்துப் பாருங்கள். பென்டியத்தில் பயாஸ் வழியே உள் கேஷை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஓபிஎல்3 இவ்வளவு காத்திருப்பைக் கேட்பதில்லை என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

*டீபக் சோதனையெல்லாம் தேறியது, முழு மௌனம்.* மென்பொருளை விட்டுவிடுங்கள். மிக்சர் அளவு பூச்சியத்தில் இருக்கலாம். 2.0, புரோ கார்டுகளின் பின்புறச் சக்கரம் திருகிவிடப்பட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் கார்டில் மூன்று கால் ரெகுலேட்டர் (7805 அல்லது 78எல்05) இருக்கும். அதன் வெளியீட்டில் 5 வோல்ட் இருக்கிறதா என்று அளவுங்கள். 12 வோல்ட்டை இறக்கி அனலாக் பகுதிக்குத் தருவது அதுதான். அது போனால் டிஜிட்டல் பகுதி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும், ஒலி மட்டும் வராது.

மிடி

டிஎஸ்பி பதிப்பு 4.11, 4.12, 4.13 உள்ள கார்டுகளில் தெரிந்த பிழை ஒன்று உண்டு. பதிவொலியும் மிடி இசையும் ஒரே நேரத்தில் ஓடினால் மிடியின் சில பைட்டுகள் தொலைந்துபோகும். சுரத்தை நிறுத்தச் சொல்லும் பைட் தொலைந்தால் அந்தச் சுரம் நில்லாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். டிரைவர் மாற்றினால் இது தீராது. எஃப்எம் இசைக்கு இந்தப் பாதிப்பு இல்லை. மிடி கருவி வைத்து ஆடுபவர்கள் 4.05 பதிப்புக் கார்டைத் தேடலாம், அல்லது மிடிக்கு மட்டும் வேறு நிறுவனத்தின் கார்டைச் சேர்க்கலாம்.

இன்னொரு வரம்பு: இந்தக் கார்டுகளின் மிடி போர்ட் யூஆர்ட் என்ற எளிய முறையை மட்டுமே அறியும். ரோலண்டின் எம்பியூ-401-இன் முழு அறிவார்ந்த முறையை எதிர்பார்க்கும் பழைய ஆட்டங்களுக்கு சாஃப்ட்எம்பியூ என்ற நினைவகக் கருவி உதவும். அதற்கு 386 பிராசசரும் டாஸின் நினைவக மேலாளரான ஈஎம்எம்386-உம் வேண்டும்.

வேவ் பிளாஸ்டர் துணைப் பலகையைப் பொருத்துவதாக இருந்தால், 26 முள் இணைப்பில் ஒரு வரிசை தள்ளிச் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முட்களில் +12, −12 வோல்ட் இரண்டும் இருக்கின்றன. தவறான முள்ளில் பட்டால் அரிதான ஒரு பலகை நொடியில் போய்விடும். மின்சாரத்தை இயக்கும் முன் டார்ச் அடித்து இரு ஓரங்களையும் பாருங்கள்.

இரைச்சலும் கெப்பாசிட்டரும்

ஒலி வந்தபின் எஞ்சுவது இரைச்சல். முதலில் மிக்சரில் மைக், லைன் இன், சிடி உள்ளீடுகளைப் பயன்படுத்தாதபோது அணைத்துவிடுங்கள். பாதி இரைச்சல் மைக் வழியேதான் வருகிறது. கார்டை வீடியோ கார்டிலிருந்து தள்ளி, கடைசி ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பல கார்டுகளில் டீஈஏ2025 போன்ற ஆம்பிளிஃபயர் சிப் இருக்கும். பெட்டிக்குள்ளேயே ஆம்பிளிஃபயர் உள்ள இக்கால ஸ்பீக்கர்களுக்கு அது தேவையில்லை, இரைச்சலைத்தான் பெருக்கும். லைன் அவுட் துளை தனியே இருந்தால் அதில் இணையுங்கள். இல்லையென்றால் ஆம்பிளிஃபயரைத் தவிர்க்கும் ஜம்பரைத் தேடுங்கள். சக்கரத்தைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, முப்பது முறை முழுதாகத் திருப்புங்கள்.

ஒலி மெலிந்து, கீழ்ச்சுரங்கள் இல்லாமல் வந்தால் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டது. 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 8 ஓம் ஸ்பீக்கருடன் சுமார் 42 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அது உலர்ந்து 47 ஆனால் 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். முரசும் பேஸும் காணாமல் போவது அதனால்தான்.

எதுவும் ஒலிக்காதபோது வெளியீட்டில் டிசி மின்னழுத்தத்தை அளவுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி வோல்ட் கணக்கில் இருந்தால் கெப்பாசிட்டர் கசிகிறது. ஸ்பீக்கரை அந்தக் கணமே பிடுங்கிவிடுங்கள். மாற்றும்போது பலகையில் இருந்த அதே மைக்ரோஃபாரட் மதிப்பு, அதற்குச் சமமான அல்லது கூடுதலான வோல்ட் அளவு. கழற்றும் முன் ஒவ்வொன்றின் துருவத்தையும் படமெடுத்து வையுங்கள்; பலகை அச்சில் குறி தவறாக இருக்கும் கார்டுகளும் உண்டு. சால்டரிங் முனை 350 டிகிரி, ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். வராவிட்டால் புதிய ஈயம் சிறிது சேர்த்து உருக்கி எடுங்கள். இழுத்தால் பலகையின் செம்புப் பாதையே உரிந்து வரும்.

நன்றாக இயங்கும் கார்டில் முன்னெச்சரிக்கையாக எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. கசிவும் மெலிந்த ஒலியும் இல்லாத கார்டில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முப்பது ஆண்டு பழைய பலகையில் ஒவ்வொரு சால்டரிங்கும் ஒரு செம்புப் பாதையைப் பணயம் வைக்கிறது, அந்தப் பலகைகளை இனி யாரும் அச்சிடப்போவதில்லை.